எனக்கென்று ஒரு தனி லைன்

எங்கள் வீட்டு ஃப்ரீசர் நல்ல ஃப்ரீசர். அதைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பெட்டிபோல் படுத்திருக்கும், மூடி கனம், ஓரம் முழுக்க ரப்பர். உள்ளே எதை எந்தச் சூட்டில் வைக்கிறோமோ அந்தச் சூட்டை வெகுநேரம் காப்பாற்றித் தரும். இந்தக் குணத்தை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், மிஸ் ஹனீன். பின்னால் தேவைப்படும்.

இங்கே வரும்படி என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உணவு விஷயமாக என் பக்கத்து வீட்டு ரபியாவின் சமையலறையைச் சோதித்தவர் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். கேட்டதும் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள், நன்றி. உங்கள் அறையின் ஏர்கானில் லேசாக ஒரு கிணுகிணுப்பு இருக்கிறது. பரவாயில்லை, பேசி முடித்த பிறகு சொல்கிறேன்.

என் பெயர் அழகேசன். செம்பவாங்கில் வீடு. கப்பல் இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். சரக்கு ஏன் நனைந்தது, மூட்டை ஏன் கிழிந்தது என்று காலமெல்லாம் காரணம் தேடியவன். காரணம் இல்லாமல் உலகத்தில் எதுவும் நடப்பதில்லை என்பது என் அனுபவம். மனைவி தவமணி, மகள் வர்ஷா. எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. தவமணி பல வருடமாக ஹாலில் பாய் விரித்துத்தான் படுக்கிறாள். காற்றுக்காக என்று சொல்வாள்.

ஓய்வு பெற்றதும் என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர் பறவை பார்க்கப் போனார்கள். ஒருவர் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். நான் பாட்டுக் கேட்க உட்கார்ந்தேன். வர்ஷா படித்துக்கொண்டிருந்த சின்ன அறையைக் காலி செய்து, என் மார்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஆம்ப்ளிஃபயர், எதிரே ஒரு நாற்காலி. சாய்ந்தால் கால் தானாக மேலே எழும்பும் நாற்காலி. மதியச் சாப்பாடு முடிந்ததும் போய் உட்காருவேன். வயிறு நிறைந்திருந்தால் காது கூர்மையாக இருக்கும் என்பது என் கணிப்பு.

அப்போதுதான் அந்த இரைச்சலைக் கவனித்தேன்.

அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கச்சேரி தொடங்கும்போது வராது. வீணை மெல்ல மெல்ல ராகத்தை விரிக்கும், நான் கண்ணை மூடி உள்ளே இறங்குவேன், அதன் பிறகுதான் வரும். கரகரவென்று ஒரு தாழ்ந்த சத்தம். ஏறும், இறங்கும், சற்று நேரம் அடியோடு நிற்கும், பிறகு ஒரு சின்ன விசிலோடு மறுபடியும் கிளம்பும். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தால் ஓடிப்போய்விடும். அவ்வளவு தந்திரம் அதற்கு. எனக்கு எரிச்சலாக வந்தது. வாழ்நாள் முழுவதும் உழைத்துவிட்டு நான் கேட்டதெல்லாம் கரகரப்பு இல்லாத ஒரு வீணை.

நகரத்தில் ஒரு பழைய மாலில் ஆடியோ கடை வைத்திருக்கும் முகம்மது யூசுப் என் சிநேகிதர். அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். டாக்டர்கள் மோசமான செய்தி சொல்லுமுன் அப்படித்தான் வைப்பார்கள்.

"அண்ணே, உங்க வீட்டுல ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், போன் சார்ஜர் எல்லாம் ஒரே கரண்டுலதானே குளிக்குது? அந்த அழுக்குத் தண்ணியத்தான் உங்க ஆம்ப்ளிஃபயர் குடிக்குது. பாவம் இல்லையா அது? தனி லைன் இழுங்க. டிபி பாக்ஸ்லேர்ந்து நேரா, அதுக்கு மட்டும்."

அன்று வீட்டுக்கு வந்து என் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

மார்சிலிங்கிலிருந்து ஃபஹத் என்ற லைசென்ஸ் எலக்ட்ரீஷியன் வந்தார். வாசலுக்கு மேலே, வீட்டு மின்சாரம் முழுக்கப் பிரிந்து போகும் டிபி பாக்ஸிலிருந்து தடித்த வயர் ஒன்றை வெள்ளைக் குழாயில் அடைத்து, ஹால் கூரையோரமாக, சாமி மேடைக்கு மேலாக, என் அறைவரை கொண்டுபோனார். தவமணி அண்ணாந்து பார்த்தாள்.

"முருகன் தலைக்கு மேல கரண்டு போகுதே, இது நல்லாவா இருக்கு?"

"சாமிக்கு ஷாக் அடிக்காதும்மா, எர்த் போட்டிருக்கேன்" என்றார் ஃபஹத். பிறகு என்னிடம், "அங்கிள், ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போது ஸ்பீக்கர்ல டக்குனு ஒரு சத்தம் வருதுல, அது போயிடலாம். நீங்க சொல்ற கரகரவுக்கு நான் கேரண்டி இல்ல லா. அது கரண்டு சத்தம் மாதிரியே எனக்குத் தோணல."

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அந்த டக் நின்றது. வீட்டு ஆடியோவுக்குத் தனி லைன் போட்டால் இரைச்சல் குறையுமா என்று உங்களை யாராவது கேட்டால், டக் குறையும் என்று சொல்லுங்கள். கரகர குறையவில்லை. ஃபஹத் ஒரு நாள் முழுக் கச்சேரிக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரும் கையுமாகக் காத்திருந்தார். அவருக்கு மரியாதையாக நானும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன். இரைச்சல் வரவில்லை. அந்நியர் முன்னால் அது வராது என்று தெரிந்துகொண்டேன்.

ஆக, அழுக்கு வேறு வழியாக வருகிறது. நான் ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினேன். சாமி மேடையில் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, தேக்கா மார்க்கெட்டில் வாங்கியது, அதை முதலில் பிடுங்கினேன். மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும்படி தவமணியிடம் சொன்னேன். அடுத்தது வைஃபை. வர்ஷா அப்போது ஏதோ முக்கியமான மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாளாம். அப்புறம் ஹால் மின்விசிறி. விசிறியை அணைத்த அன்று வர்ஷாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளைப் பையன் சரத்தின் அப்பா அம்மா கேலாங்கிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். வேர்த்து ஊற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சீக்கிரமே சம்மதித்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் கல்யாணம் அவ்வளவு சுலபமாக அமைந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அன்று தவமணி கேட்டாள், "என்னங்க, அடுத்தது என்னையும் ஆஃப் பண்ணிடுவீங்களா?"

மனிதர்கள் மின்சாரத்தில் ஓடுவதில்லை என்பதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன்.

கடைசியில் இரண்டு பேர்மேல் சந்தேகம் மிஞ்சியது. ஒன்று, குண்டு விழுந்தால் ஒளிய என்று கட்டிக்கொடுத்து நாங்கள் சாமான் அறையாக்கிக்கொண்ட பாம் ஷெல்டருக்குள் இருக்கும் ஃப்ரீசர். இன்னொன்று சுவருக்கு அந்தப் பக்கம் ரபியாவின் சமையலறை. ரபியா வீட்டிலிருந்தே கேக்கும் சம்பல் என்ற மிளகாய்த் தொக்கும் செய்து விற்கிறவர். பெரிய ஓவன், பெரிய மிக்சர், எல்லாம் ஓயாமல் ஓடும். கணவர் போன பிறகு பிள்ளையைப் படிக்கவைத்தது அந்த ஓவன்தான். ரபியாவும் தவமணியும் வீடு வாங்கி வந்த நாளிலிருந்து சிநேகிதிகள். எங்கள் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டு டப்பாவை யாரும் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். இவள் பொங்கல் கொடுத்தால் அந்த டப்பாவில் நோன்புக் கஞ்சி வரும், கஞ்சி டப்பாவில் முறுக்கு போகும். எந்த டப்பா யாருடையது என்பதே மறந்துபோய்விட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவர்களை வெறுக்கவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள். சிராங்கூன் ரோட்டில் மாடியில் ஒரு மண்டபம் பிடித்திருந்தோம். சாப்பாட்டுக்கு வெளியில் சொல்லியாயிற்று. ஆனாலும் மகள் நிச்சயத்துக்குத் தன் கைப்பட இறால் கட்லெட் இல்லாவிட்டால் தவமணிக்கு மனசு ஆறாது. அம்மாவும் மகளும் காலையெல்லாம் உருட்டினார்கள். மத்தியானம், ஐஸ் உருக்கித் துடைத்து அப்போதுதான் மறுபடி போட்ட காலி ஃப்ரீசருக்குள் தட்டுத் தட்டாக அடுக்கினார்கள். உருளைக்கிழங்கும் இறாலும் அப்போது இளஞ்சூடாக இருந்தன. பிறகு இருவரும் மாலையும் தாம்பூலத் தட்டுகளும் வாங்க லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தவமணி சொன்னாள்.

"ஃப்ரீசரத் திறந்து திறந்து பாக்காதீங்க. கட்லெட்டு நல்லா உறையணும்."

நான் திறக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வாசலுக்கு மேலே டிபி பாக்ஸில் ஃப்ரீசருக்கான சுவிட்சை மட்டும் கீழே தள்ளினேன். அது மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதன் பக்கத்தில் இருந்தவற்றையும் தள்ளினேன். என் தனி லைன் ஒன்றுதான் மேலே நின்றது. எனக்கு அதைப் பார்க்க நிறைவாக இருந்தது. ஒரு பாட்டுக்கு மட்டும், அப்புறம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போனில் ரெக்கார்டிங்கை அமுக்கி ஸ்பீக்கர்மேல் வைத்தேன். யூசுபின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப ஓர் ஆதாரம் வேண்டுமே. நாற்காலியில் சாய்ந்தேன், கால் எழும்பியது, கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது கச்சேரி முடிந்திருந்தது. ஜன்னலில் வெயில் இல்லை. இசையில் ஆழ்ந்துபோகிறவர்களுக்கு நேரம் தெரியாது. என் தாடையெல்லாம் ஈரமாக இருந்தது. வீணை என்னை அழவைத்திருக்கிறது.

பாம் ஷெல்டரின் இரும்புக் கதவைத் திறந்து ஃப்ரீசர் மூடியைத் தூக்கினேன். உள்ளேயிருந்து இதமான காற்று முகத்தில் அடித்தது. இறால் வாசனை. கட்லெட்டுகள் வைத்தபடியே இளஞ்சூடாக இருந்தன. அதனால்தான் நல்ல ஃப்ரீசர் என்று முதலிலேயே சொன்னேன்.

என்ன செய்யலாம் என்று நிதானமாக யோசித்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், தவமணி அழுவாள். உண்மையைச் சொல்லலாம், தனி லைனைக் கழற்றச் சொல்வாள். சுவிட்சை மேலே தள்ளினால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. தள்ளினேன். காலையில் ஒவ்வொன்றும் கூழாங்கல் மாதிரி கெட்டியாக இருந்தது. தவமணி ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்து, "பாத்தீங்களா, என்ன அருமையா உறைஞ்சிருக்கு" என்று பெருமைப்பட்டாள். நானும் ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

மண்டபத்தில் எல்லாம் அழகாக நடந்தது. கட்லெட்டைச் சுடச்சுடப் பொரித்துச் சுற்றுக்கு விட்டார்கள். எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை. எண்ணெயைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். தயிர்சாதம் மட்டும் எடுத்துக்கொண்டேன். ரபியா ஒரு பெரிய தூக்கில் இறால் சம்பல் கொண்டுவந்திருந்தார். "வர்ஷா என் பொண்ணு மாதிரி, வெறுங்கையோட எப்படி வர்றது" என்றார். அவர் ஐந்தாறு கட்லெட் சாப்பிட்டிருப்பார். தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்" என்றார்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்களில் இரண்டு வீட்டாரும் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டால்தான் நிச்சயம் நிச்சயமாகும். சரத்தின் அப்பா மைக்கைப் பிடித்து, "இந்த நல்ல நேரத்துல" என்று தொடங்கினார். அங்கேயே நின்றார். முகம் வெளுத்தது. மைக்கை அப்படியே ஐயர் கையில் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தார். அவர் ஓடவில்லை, கௌரவமான மனிதர். அவருடைய மனைவி ஓடினார். ஓடுமுன் தேங்காய் பழத்தோடு இருந்த தட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார். எங்கள் தட்டு என் மைத்துனன் கையில் இருந்தது, அவனும் தட்டோடு ஓடினான். மண்டபத்துக்கு இருந்ததோ இரண்டே கழிவறை. மாப்பிள்ளை சரத் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே காப்பிக் கடைக்கு இறங்கியதை நான் பார்த்தேன். மாடிப்படி முழுக்கப் பட்டுப்புடவையில் வரிசை நின்றது. நாதஸ்வரக்காரர் மட்டும் எதுவும் சாப்பிடாததால் தொடர்ந்து வாசித்தார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அந்த மண்டபத்தில் கரகரப்பே இல்லை.

ஒரு தட்டு மாறியிருக்கிறது, ஒன்று மாறவில்லை. வர்ஷாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டதா என்று எங்கள் உறவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை பாவம், முகம் வாடிப் போயிருக்கிறாள்.

கிளினிக்கில் நர்ஸ் கேட்டார், "எல்லாரும் என்ன சாப்பிட்டாங்க?"

ஆரோக்கியமாக நின்றுகொண்டிருந்தவன் நான்தான். "இறால்" என்றேன். கட்லெட்டிலும் இறால்தான், ஆகவே நான் பொய் சொல்லவில்லை. பின்னால் யாரோ, "ரபியா அக்கா சம்பல்" என்று சேர்த்தார்கள். நான் மறுக்கவில்லை. இன்னொருவர் பேசும்போது குறுக்கிடுவது என் பழக்கமில்லை.

ரபியா மறுநாள் எங்கள் கேட்டுக்கு வந்தார். அவரே இன்னும் நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்திருந்தார். "அண்ணே, கழுவித்தான் செஞ்சேன், எப்படின்னு தெரியல. எம் பொண்ணு நிச்சயத்த நானே கெடுத்துட்டேனே. மன்னிச்சிடுங்கண்ணே" என்று அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன்.

தவமணிதான் மன்னிக்கவில்லை. அவள் தன் கட்லெட்டைச் சந்தேகிக்கக்கூட இல்லை, கூழாங்கல் மாதிரி உறைந்ததைக் கண்ணால் பார்த்தவள். ரபியாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு நீங்கள் வந்து மாதிரி எடுத்துப் போனீர்கள். முடிவு தெரியும்வரை சமையல் கூடாது என்றீர்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். ஒரு காலையில் எங்கள் கேட்டில் தவமணியின் டப்பா ஒன்று தொங்கியது. திறந்து பார்த்தால் காலி. கழுவித் துடைத்த வெறும் டப்பா. தவமணி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓவன் ஓடவில்லை, மிக்சர் ஓடவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. இதுபோல ஒரு வாய்ப்பைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. அன்றைக்கே உங்களிடம் வந்திருக்கலாம்தான். ஆனால் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காமல் எப்படி? அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாடு முடிந்ததும் போய்ச் சாய்ந்தேன்.

இரைச்சல் வந்தது. தினமும் வந்தது, முன்பைவிட நன்றாகவே வந்தது.

ஆக, ரபியாமேல் தப்பே இல்லை. அவருடைய ஓவன் நிரபராதி, மிக்சர் நிரபராதி. அந்தச் சமையலறையை இனிமேலும் மூடி வைத்திருப்பது எந்த விதத்தில் நியாயம்? அது தெளிவானதும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வந்துவிட்டேன். என்ன இருந்தாலும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நான் ஏன் ஃப்ரீசரை அணைத்தேன் என்பதற்குச் சாட்சியாக அன்றைய ரெக்கார்டிங்கையும் கொண்டுவந்தேன். நீங்கள் போட்டுக் கேட்டீர்கள். வீணை வந்தது, சற்று நேரத்தில் அதுவும் வந்தது. நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டீர்கள். முன்னால் தள்ளி ஓட்டிப் போட்டீர்கள், அங்கேயும் இருந்தது. கச்சேரி முடிந்த பிறகும் அது மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அங்கிள், இது கரண்டு இல்ல. நீங்க தூங்குறீங்க லா. இது உங்க குறட்டை" என்றீர்கள்.

இளவயது, நீங்கள் அப்படி நினைப்பது இயல்புதான். நான் கண்ணை மூடியிருந்தேனே தவிரத் தூங்கவில்லை. தூங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா? குறட்டை விட்டிருந்தால் தவமணி இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்க மாட்டாளா? அவள் ஹாலில் படுப்பவள், ஒரு சின்ன சத்தமும் ஆகாது அவளுக்கு.

பிறகு நீங்கள் கேட்டீர்கள், "சரி அங்கிள், அன்னைக்கு மத்தியானம் வீட்டுல என்னென்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு?"

அது நல்ல கேள்வி. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். ஃப்ரீசர் ஓடவில்லை. அதையும் நான் வீணாகத்தான் சந்தேகித்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். விசிறி இல்லை, வைஃபை இல்லை, மந்திரப் பெட்டி இல்லை. அந்த வீட்டில் இருந்தவை இரண்டுதான், ஆம்ப்ளிஃபயரும் நானும். நான் மின்சாரத்தில் ஓடுகிறவன் இல்லை. ஆகவே குற்றவாளி ஆம்ப்ளிஃபயர். நீங்கள் கேட்ட மறுநிமிடமே யூசுபுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன், புதியது வரவழைக்கச் சொல்லி.

கட்லெட்டைக் கெடுத்தவன் நான். தெரிந்தே பொரிக்க விட்டவன் நான். ரபியாமேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதைச் சொல்ல எங்கள் வீட்டுக்குப் போகும்போது ரபியாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தவமணிக்கு அந்த ரெக்கார்டிங்கை முழுக்கப் போட்டுக் காட்டுங்கள். இத்தனை நாளாக நான் எதைச் சகித்துக்கொண்டு வாழ்ந்தேன் என்று அவளுக்கும் தெரியட்டும்.